கம்பி பிடிக்காமல் ஒரு டிரிப்

பாறசாலையிலிருந்து ஒற்றசேகரமங்கலம் போகும் தனியார் பேருந்தில் ஜெஸ்னா ஆறு வருஷம் கண்டக்டர். இரண்டாவது பிள்ளையை ஆபரேஷன் செய்து எடுத்த பிறகு வீட்டில் இருந்தாள். பிள்ளைக்கு ஆறு மாதமானபோது முதலாளி மோகனன் ஆள் இல்லாத ஒரு நாளில் அவளைக் கூப்பிட்டார். முதல் வளைவிலேயே நிலைதவறி ஒரு பயணியின் மடியில் விழுந்தாள்.

மறுநாளே உண்ணி என்ற பையனைக் கண்டக்டராகப் போட்டுவிட்டார் மோகனன்.

"ஒரு கையில மெஷினு, மறுகையில சில்லறை. கம்பியைப் பிடிக்க மூணாவது கை உண்டா ஒனக்கு?" என்றார். "ஓணம் கழிஞ்ச திங்களாச்ச வா. ஒரு டிரிப்பு கம்பி பிடிக்காம நின்னு காட்டு. இல்லெங்கி உண்ணியேதான்."

கணவன் சானுவுக்குப் பெயிண்ட் வேலை. மழை பிடித்தால் அதுவும் இல்லை. இந்த வேலை போனால் வேறு பேருந்தில் எடுக்க ஆளில்லை. விழுந்த கதை அதற்குள் ஸ்டாண்டு முழுக்கப் பரவியிருந்தது.

அவளுக்குத் தெரிந்ததெல்லாம் வயிற்றில் பலமில்லை என்பதுதான். செல்போனில் ஒரு வீடியோவைப் பார்த்து, மல்லாந்து படுத்து எழுந்து உட்காருவதை விடாமல் செய்தாள். பிரசவித்த நாள் முதல் மாமியார் புஷ்பபாய் கட்டிவிடும் வயிற்றுக்கட்டை அவிழ்க்காமல், அதன் மேலேயே செய்தாள். துணி இறுக்கிப் பிடித்தால் வயிறு சீக்கிரம் உள்ளே போகும் என்று இருவரும் நம்பினார்கள். சில நாளில் இடுப்புவலி வந்ததுதான் மிச்சம்.

வலியைக் காட்டப் போனபோது, நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கும் நீது, முதலில் துணியை அவிழ்க்கச் சொன்னாள். "இனி தலையை மட்டும் பொக்குங்க." தலை உயர்ந்ததும் தொப்புளுக்கு மேலே நடுவயிற்றில் வரப்பு போல ஒரு மேடு எழுந்தது. ஜெஸ்னாவுக்குப் பயமாகிவிட்டது.

"தசை ரெண்டு பக்கமா விலகிக் கிடக்கு. எழும்பி எழும்பி இருந்து நீங்க அதை இன்னும் தள்ளுறீங்க. அது வேண்டாம், இந்தக் கட்டும் வேண்டாம். மூச்சைப் பிடிக்கப்பிடாது. விடும்போதுதான் வயிறு வேலை செய்யணும்."

அதன் பிறகு கூடத்தில் பாய் விரித்து அவள் செய்தது பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத வேலை. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி உயர்த்தி, கைகளை மேலே நீட்டி, மூச்சை விட்டபடி வலக்கையையும் இடக்காலையும் மெதுவாக இறக்குவாள். இடுப்பு தரையைவிட்டு எழும்பக் கூடாது. பிறகு மறுபக்கம்.

"கரப்பான் மறிஞ்சு கெடக்கது போல கெடக்கியே பிள்ளே!" என்றாள் புஷ்பபாய். "இதுக்கா ஆசுபத்திரிக்குப் போனே?"

"கரப்பானுக்கு இடுப்பு நோவு வந்து கண்டிட்டுண்டா மாமி?"

அது பழகியதும் கட்டில் விளிம்பில் கைகளை ஊன்றி, தலை முதல் குதிகால் வரை பலகை போல நின்றாள். அது நிலைத்த பிறகுதான் தரையில், முழங்கையும் முழங்காலும் ஊன்றி. மேடு எழுந்தால் அங்கேயே நிறுத்திவிடுவாள். ஓணம் நெருங்கியபோது மேடு தாழ்ந்திருந்தது, முழுவதும் போகவில்லை.

திங்கள் காலை புஷ்பபாய் துணியோடு வாசலை மறித்து நின்றாள். "இன்னைக்கு மட்டும் கெட்டிட்டுப் போ மக்கா. நாலுபேர் காண விழுந்தா மானம் போவும்."

ஜெஸ்னா துணியைக் கையில் வாங்கினாள். கட்டினால் தைரியமாக இருக்கும். ஆனால் மூச்சு இறங்காது. துணியை நாற்காலியில் போட்டுவிட்டு இறங்கி நடந்தாள்.

மோகனன் உட்காரவில்லை, அவளுக்குப் பின்னாலேயே நின்றார். உண்ணி வாசலில் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். டிரைவர் பொன்னப்பன் யாருக்காகவும் வேகம் குறைக்கிறவர் இல்லை. வளைவு தொடங்கும் முன்பே அவள் முழங்காலைச் சற்று தளர்த்தி மூச்சை விட்டாள். வயிறு தானாக இறுகியது. டிக்கெட் கிழித்தாள். அடுத்த வளைவு. கை கம்பிப் பக்கம் போகத் துடித்தது. பாக்கிச் சில்லறையை எடுத்து நீட்டினாள்.

ரப்பர் தோட்டத்து இறக்கத்தில் எதிரே லாரி வந்தது. பொன்னப்பன் பிரேக்கை மிதித்தார். அவரிடம் ஏதோ சொல்வதற்காகக் கம்பியிலிருந்து கையை எடுத்திருந்த மோகனன், அத்தனை கனத்தோடும் ஜெஸ்னாவின் முதுகில் வந்து மோதினார். அவளிடமிருந்து ஒரே மூச்சு 'ஹா' என்று வெளியே போனது. கால் ஒரு அடி நகர்ந்தது. அவ்வளவுதான். அவரும் அவள்மேல் சாய்ந்தபடி விழாமல் நின்றார்.

"முதலாளிக்கு ஒரு டிக்கெட்டு குடு பிள்ளே, மடியில வச்சிட்டுப் போவலாம்!" என்றாள் மீன்காரி சரசம்மா. பேருந்தே சிரித்தது. ஜெஸ்னா சிரிக்கவில்லை. அடிவயிற்றில் தையல் இருந்த இடத்தை மெல்லத் தொட்டுப் பார்த்தாள். வலி இல்லை.

ஒற்றசேகரமங்கலத்தில் இறங்கி மோகனன் சட்டையைச் சரிசெய்தார். "இனி நீயே வா," என்றார். உண்ணியின் பக்கம் திரும்பாமலே டீக்கடைக்குப் போய்விட்டார்.

உண்ணியே பேசினான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"சேச்சி, தனுவச்சபுரத்துல காலேஜ் பிள்ளைகள் இப்போ பின்வாசல்லதான் ஏறும். அங்கேருந்து தொடங்குங்க. இல்லெங்கி பாதிப்பேரு டிக்கெட்டு எடுக்காம இறங்கிரும்."

"சரி உண்ணி."

திரும்பும் டிரிப்புக்கு ஆள் ஏறத் தொடங்கியிருந்தது. அவள் பின்வாசலுக்கு நடந்தாள்.