கடைசி வீட்டுப் படிவம்

அந்த மாவட்டத்தின் வரைபடத்தை மாட்டினால் பாதிச் சுவர் போய்விடும். ஆட்களைக் கூட்டினாலோ ஒரு பள்ளிக்கூட மைதானம்கூட நிறையாது. வீட்டுக்கு வீடு அரை மணிப் பயணம், நடுவில் கல்லும் புல்லும் ஆடுகளும்தான். தபால் நிலையத்தில் வேலை பார்த்த அவளைத்தான் பத்து வருடத்துக்கு ஒருமுறை ஆட்களைக் கணக்கெடுக்க அனுப்புவார்கள். 'தலையெண்ணி' என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். அவளும் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள்.

மூன்றாவது முறையாகக் கிளம்பியபோது அந்தப் பெயரைக் கேட்டு அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஐநூறு பேருக்குக் குறைந்தால் சுகாதார நிலையத்தை மூடிவிடுவார்களாம். அடுத்த ஆஸ்பத்திரிக்கு நான்கு மணி நேரம் ஆகும். அவள் கணவருக்கு மூச்சிரைப்பு. போன குளிரில் இரண்டு முறை அந்த நிலையத்து ஆக்சிஜன்தான் அவரைப் பிழைக்க வைத்தது.

கையில் நானூற்றுத் தொண்ணூற்றொன்பது பேர். மாலை ஐந்துக்குள் ஒப்படைக்க வேண்டும். கடைசி வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும்போது மணி இரண்டரை, திரும்பிப் போகவே இரண்டு மணி நேரம் பிடிக்கும். உள்ளே தனியாக இருந்த ஆட்டுக்காரர் கதவைப் பாதிதான் திறந்தார்.

"நீயா? போம்மா. நான் கையெழுத்துப் போடறதா இல்ல."

கையெழுத்து இல்லாவிட்டால் அவர் கணக்கில் வரமாட்டார்.

"அண்ணே, உங்களுக்கும் வயசாகுது. நர்ஸ் போயிட்டா யார் வந்து பார்ப்பா?"

"போன தடவை என் பொண்டாட்டி வெளியூர் ஆஸ்பத்திரியில மாசக்கணக்கா உயிரோட கிடந்தா. சட்டம்னு சொல்லி நீ அவ இல்லேன்னு எழுதினே. அடுத்த மாசம் போயே போயிட்டா. இப்ப என்னை மட்டும் எதுக்குத் தேடி வர்றே?"

ஆறு மாதத்துக்கு மேல் வெளியூரில் இருப்பவரைச் சேர்க்கக் கூடாது என்பது விதி. நோயாளிகளுக்கு அது பொருந்தாது என்று அதே பக்கத்தின் அடியிலேயே போட்டிருந்தது. போன முறை படிவங்களை ஒப்படைத்த மறுவாரம்தான் அதைப் படித்தாள். வேலை போய்விடுமோ என்று பயந்து பத்து வருடமாக யாரிடமும் மூச்சு விடவில்லை. மணி இரண்டு நாற்பத்தைந்து ஆகியிருந்தது.

"அது சட்டம் இல்லண்ணே, என் தப்பு. அண்ணியைச் சேர்த்திருக்கணும்."

"இப்பவாச்சும் எழுது, பார்ப்போம்."

"கணக்குல எழுத முடியாது. பொய்யாயிடும்."

அவர் கதவைச் சாத்தப் போனார். அவள் படிவத்தைச் சுவரோடு வைத்து அழுத்தி, குறிப்புக் கட்டத்தில் எழுதினாள்: 'சென்ற முறை இவ்வீட்டில் ஒருவர் விடுபட்டார். தவறு என்னுடையது.' கீழே தன் கையெழுத்தையும் போட்டு நீட்டினாள்.

அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து இரண்டு முறை படித்தார்.

"மேல இருக்கறவங்க பார்த்தா உன் வேலை போயிடுமே?"

"போனாலும் போகலாம்."

அவர் பேனாவை வாங்கி, நிலைப்படியில் குனிந்து, மெதுவாகத் தன் பெயரை எழுதினார். மணி மூன்று அடிக்க ஐந்து நிமிடம் இருந்தது. அவள் படிவத்தை உறையில் போட்டுக்கொண்டு வண்டிக்கு ஓடினாள்.

"மொத்தம் எவ்வளவு ஆச்சு?" என்று பின்னாலிருந்து கேட்டார்.

"ஐநூறுண்ணே."

"அவ இருந்திருந்தா இன்னும் ஒண்ணு கூட வந்திருக்கும்," என்றார் அவர்.