ஜோதியம்மாள் வாசித்த டாக்டர் நாவல்

கனகலதா திருவண்ணாமலையில் ஒரு தனியார் மருத்துவமனையில் பதினெட்டு வருடமாக நர்ஸ். வீடு வேங்கிக்காலில். தமிழ்ச் சமணர்களான நயினார் குடும்பத்துப் பெண் என்பதால் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடும் வழக்கம் உண்டு. எந்த டியூட்டியிலும் அதை விட்டதில்லை. மதிய டியூட்டி நாட்களில் ஐந்தரை மணிக்கே டிபன் பாக்ஸைத் திறந்துவிடுவாள். ஆண்கள் வார்டின் கடைசிக் கட்டிலுக்கு அப்பால், ஒரு தடுப்புக்குப் பின்னால்தான் நர்ஸுகள் சாப்பிடும் மேசை. அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த வாசிப்பு அவள் காதில் விழுந்தது.

"டாக்...டர் அவ...ளது நா...டியைப் பிடித்...தார். இரு, இந்த எழுத்து தெரியல, கண்ணாடியத் தொடச்சிக்கிறேன். பிடித்தார்."

எட்டிப் பார்த்தாள். கடைசிக் கட்டிலில் இராமலிங்கம். பக்கவாதத்தில் வலது கையும் காலும் விழுந்து, பேச்சும் போய், நான்கு நாட்களாகப் படுத்திருப்பவர். பக்கத்தில் ஸ்டூலில் அவர் மனைவி ஜோதியம்மாள். மடியில் காலிகோ துணி அட்டை போட்டுத் தைத்த தடித்த புத்தகம். எழுபதுகளில் வந்த மாத நாவல்களைச் சேர்த்து பைண்டு செய்தது. எல்லாம் டாக்டர், நர்ஸ் காதல் கதைகள்.

விசாரித்தபோது ஜோதியம்மாள் தயங்காமல் சொன்னாள். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையில் அவர்களுக்கு ஒரு சின்னக் கடை. பௌர்ணமிக்கு நிற்க நேரமிருக்காது. மற்ற நாட்களில் ஆளே வராது. அந்த நாட்களில் அவர் நாவலை உரக்கப் படிப்பார், அவள் கேட்டுக்கொண்டே வேலை செய்வாள். நாற்பது வருடப் பழக்கம். இப்போது அவருக்கு வாய் வராததால் இவள் படிக்கிறாள்.

கனகலதா புத்தகத்தை இரவல் கேட்டாள்.

"எடுத்துட்டுப் போ சிஸ்டரு. நாளைக்குக் குடுத்துடு. பக்கத்த மட்டும் மடிக்காத, அவருக்குப் பிடிக்காது."

வீட்டுக்குப் போய்ப் படித்தவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கதாநாயக டாக்டர் காலையில் கண் ஆபரேஷன் செய்கிறார், மதியம் இதய ஆபரேஷன், சாயங்காலம் பிரசவம். நடுவில் டென்னிஸ் ஆடுகிறார். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வெளியே வந்ததும் கையுறையைக் கழற்றாமலே சிகரெட் பற்றவைக்கிறார். ஏரியில் படகில் போகும்போதும் கழுத்தில் ஸ்டெதஸ்கோப். கதாநாயகிக்கு நூற்றிப்பத்து டிகிரி காய்ச்சல். ஆனால் தலையில் வைத்த முல்லைப்பூ வாடவில்லை. நாடித்துடிப்பு நூற்றிருபது என்றதும் டாக்டர் அது காதல் என்று கண்டுபிடித்துப் புன்னகைக்கிறார். ஈசிஜி எடுக்கச் சொல்லவில்லை. இருநூறு பக்கத்தில் அந்த நர்ஸ் ஒரு தடவைகூட பெட்பான் எடுக்கவில்லை, கேஸ் ஷீட் எழுதவில்லை. டாக்டரின் நெற்றி வியர்வையைத் துடைத்ததோடு சரி.

மறுநாள் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இதையெல்லாம் மதிவதனியிடம் சொன்னாள். மதிவதனி அவளுக்கு ஜூனியர். சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது அவளுக்கு. நர்ஸுகளின் வாட்ஸ்அப் குரூப்பில் வாய்ஸாகப் போடச் சொன்னாள். கனகலதாவும் போட்டாள். வெறுமனே சொன்னால் சுவைக்காது என்று தோன்றியது. அதனால் ஜோதியம்மாள் படிக்கிற மாதிரியே எழுத்துக்கூட்டி, இழுத்து, நடுநடுவே கண்ணாடியைத் துடைக்கிறேன் என்று சொல்லிச் செய்துகாட்டினாள். முப்பத்தெட்டுப் பேர் இருந்த குரூப்பில் சிரிப்பு பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. இன்னொன்று போடு என்றார்கள். தினம் ஒன்று என்று மூன்று நாள் போட்டாள். நன்றாக வருகிறது என்று அவளுக்கே பெருமையாக இருந்தது.

நான்காம் நாள் மதியம் வார்டில் துடைத்துக்கொண்டிருந்த ஆயாவின் போனிலிருந்து அந்தக் குரல் சத்தமாகக் கேட்டது. யாரோ அனுப்பி, அது யாருக்கோ போய், அவளுக்கும் வந்திருக்கிறது. ஆயாவுக்கு அது யாரைப் போலச் செய்தது என்று தெரியாது. சிரித்தபடியே கனகலதாவைப் பார்த்து, "சிஸ்டரு, உங்க வாய்ஸுதானே?" என்றாள்.

வாசலில் வெந்நீர் பிளாஸ்குடன் ஜோதியம்மாள் நின்றுகொண்டிருந்தாள்.

முழுவதையும் கேட்டாள். பிறகு உள்ளே வந்து பிளாஸ்கை அலமாரியில் வைத்தாள், கணவரின் போர்வையைச் சரிசெய்தாள். அவள் சண்டை போட்டிருந்தால் கனகலதாவுக்குப் பதில் சொல்லவாவது வாய் வந்திருக்கும்.

அன்று ஐந்தரை மணிக்குத் தடுப்புக்கு அந்தப் பக்கம் வாசிப்புச் சத்தமில்லை. கனகலதா எட்டிப் பார்த்தாள். இராமலிங்கம் இடது கையால் பையைத் தட்டித் தட்டிக் காட்டினார். ஜோதியம்மாள் புத்தகத்தை எடுத்து அவர் மார்பின்மேல் வைத்தாள். அவர் அதை அவள் பக்கம் தள்ளினார். அவள் திரும்ப வைத்தாள். கனகலதா பாதிச் சாதத்தை அப்படியே விட்டாள். டப்பாவை மூடினாள்.

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். டிஸ்சார்ஜுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. அந்த மூன்று நாளும் பிரஷர் பார்த்தாள், மருந்து கொடுத்தாள். ஜோதியம்மாளின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. டிஸ்சார்ஜ் ஆகிப் போகும்போது அந்த அம்மாள் எல்லா நர்ஸுகளிடமும் சொல்லிக்கொண்டாள். இவளிடமும், "வரேன் சிஸ்டரு" என்றாள், மற்றவர்களிடம் சொன்ன அதே குரலில்.

அன்றிரவு கனகலதா பதிவுகளை அழிக்கப் பார்த்தாள். நேரம் கடந்துவிட்டதால் எல்லோருக்கும் அழிக்க முடியவில்லை. புதிதாக ஒன்று பேசிப் போட்டாள்: ஒரு பேஷண்டின் மனைவியைக் கேலி செய்துவிட்டேன், தப்பு, தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். நான்கைந்து பேர் கட்டைவிரல் காட்டினார்கள். ஒருத்தி அடுத்த கதை எப்போது என்று கேட்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வார லீவு. ஆட்டோ பிடித்து அடி அண்ணாமலைக்குப் போனாள். கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. பக்கவாட்டுச் சந்தில் வீட்டுக் கதவு. உள்ளே வாசிப்பு கேட்டது. டாக்டர் கையுறையோடு சிகரெட் பற்றவைக்கிற இடம். ஜோதியம்மாள் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி அந்தச் சிகரெட்டைப் பற்றவைத்து முடிக்கும்வரை கனகலதா வெளியே நின்றாள். இந்தமுறை சிரிப்பு வரவில்லை. பிறகு கதவைத் தட்டினாள். வாசிப்பு நின்றது.

ஜோதியம்மாள் உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டாள், தண்ணீர் கொடுத்தாள். கனகலதா உட்காராமல் நின்றபடியே சொன்னாள். "அம்மா, நான் பண்ணது ரொம்ப தப்பு. அங்கயே சொல்லியிருக்கணும். சொல்ல தைரியம் இல்ல. மன்னிச்சிடுங்க."

ஜோதியம்மாள் புத்தகத்தை மூடிக் கட்டில் ஓரத்தில் வைத்தாள்.

"கதைய கிண்டல் பண்ணது ஒண்ணுமில்லம்மா. காலையில கண்ணு, சாயங்காலம் பிரசவம்னு அந்த டாக்டரு பண்றத இவரு படிக்கும்போதே நாங்களும் சிரிப்போம். நான் அஞ்சாவதோட நின்னவ. இவருக்கு வாய் போனப்புறந்தான் புக்கையே கையில எடுத்தேன். நான் படிக்கிறது எப்படி இருக்கும்னு எனக்கே தெரியும். யாருக்கும் கேக்காதுன்னு நெனச்சித்தான் படிச்சேன். நீ அதைச் செஞ்சி காட்டினப்போ, அப்படியே என்னை மாதிரியே இருந்துச்சி."

கனகலதாவால் அழுகையை அடக்க முடியவில்லை. ஜோதியம்மாள் அவளைத் தேற்றவுமில்லை, திட்டவுமில்லை. "சரி விடு," என்று எழுந்து, "வந்ததுதான் வந்த, இவரு குதிகால் சிவந்திருக்கு, என்னான்னு பாரு," என்றாள்.

பார்த்தாள். படுக்கைப் புண்ணின் ஆரம்பம். குதிகால் படுக்கையில் படாமல் கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்துக் காட்டினாள். இரண்டு மணிக்கொரு தரம் எப்படிப் புரட்டுவது என்று செய்து காட்டி, ஜோதியம்மாளையும் செய்யவைத்தாள். அந்த அம்மாள் சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். பேச்சுப் பயிற்சிக்கு யாரைப் பார்க்க வேண்டும் என்று கனகலதா ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி வைத்தாள்.

இராமலிங்கம் இடது கையால் புத்தகத்தைத் தட்டினார். ஜோதியம்மாள் எடுத்து விரித்தாள். கண்ணாடியை மாட்டினாள். வாயைத் திறந்தவள் கனகலதாவைப் பார்த்தாள். புத்தகத்தை மடியில் கவிழ்த்துக்கொண்டாள்.

"நீ இருக்கும்போது வரமாட்டேங்குதும்மா," என்றாள்.

டியூட்டி இருப்பதாகப் பொய் சொல்லிவிட்டுக் கனகலதா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். கடை முன்னால் ஆட்டோவுக்காக நின்றாள். உள்ளே வாசிப்பு இன்னும் தொடங்கவில்லை. தான் நிற்பது தெரிகிறதோ என்று சாலையோரமாகக் கொஞ்ச தூரம் நடந்து போய், அங்கே நின்று ஆட்டோவுக்குக் கைகாட்டினாள்.