சுடாத செம்புக் குழாய்

என் அக்காள் புருஷனை எனக்குப் பிடிக்காது. செத்தவனைப் பற்றி இப்படிச் சொல்லக் கூடாது என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் யாரும் அவனோடு ஒரே ஷெட்டில் வேலை பார்த்ததில்லை.

எஸ்டேட்டில் இருந்த என்னைக் கோலாலம்பூருக்குக் கூட்டி வந்து, தான் வேலை பார்த்த மோட்டார் பட்டறையில் சேர்த்துவிட்டவன் அவன்தான். அதை நாளுக்கு நாலு தடவை சொல்லிக் காட்டுவான். மூன்று வருடம் பொறுத்தேன். கிள்ளானில் வேறொரு பட்டறையில் இடம் கிடைத்ததும் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டேன். அந்தக் கோபத்தை அவன் என் அக்காள் மகளின் காதுகுத்தில் தீர்த்துக்கொண்டான். தோடு, பட்டுப்பாவாடை, பழத்தட்டு எல்லாம் கொண்டுபோய் மணையில் உட்கார்ந்திருந்தேன். தாய்மாமன் மடியில் வைத்துத்தானே காது குத்துவது? அவன் வந்து பிள்ளையை என் கையிலிருந்து பிடுங்கித் தன் தம்பி மடியில் வைத்தான். கோயிலில் அத்தனை பேரும் பார்த்தார்கள். அக்காள் தலையைக் குனிந்துகொண்டாள். தட்டை அங்கேயே போட்டுவிட்டு எழுந்து வந்தேன். அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் முகம் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை.

ஜப்பான்காரன் வந்ததும் கிள்ளான் பட்டறையை மூடிவிட்டார்கள். மோட்டார் வேலை தெரிந்தவர்களைத் தேடிப் பிடித்து, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் கொண்டுபோய்ப் போட்டார்கள். அங்கே போனால் இவன் நிற்கிறான். என் கெட்ட நேரம், வேறென்ன?

பேச்சு நின்றுபோன வீட்டில் சுவரைப் பார்த்தும் பூனையைப் பார்த்தும் பேசுவார்கள். நாங்கள் வண்டியைப் பார்த்துப் பேசினோம். "இந்த போல்ட்ட எந்த மடையன் முடுக்கினான்?" என்று லோரியின் ரேடியேட்டரிடம் அவன் கேட்பான். கண் தெரியாதவன் கையில் ஸ்பேனரைக் கொடுத்தால் இப்படித்தான் என்று அதே லோரியின் டயருக்கு நான் பதில் சொல்வேன். எதிராளி வண்டியிடம் சொன்னது நல்ல விஷயமாகவே இருந்தாலும் அதன்படி நடக்கக் கூடாது. நடந்தால் தோற்றதாக அர்த்தம். ஒன்றரை வருடம் இப்படியே ஓட்டினோம்.

ஷெட்டுக்குப் பெரியவனான ஜப்பானிய ஆபீசரிடம் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. ஓடிப்போன தோட்டத் துரை விட்டுவிட்டுப் போனது. இரண்டே சீட், நீண்ட பானெட். பழைய கார்தான், ஆனால் ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை, நிற்பதில்தான் குறை. பெடலில் இருந்து நாலு சக்கரத்துக்கும் கம்பிவடம் இழுக்கிற பழைய பிரேக். ஏறி நின்று மிதித்தாலும் தனக்குத் தோன்றும்போதுதான் நிற்கும். ஒரு நாள் ரயில்வே கேட் பக்கம் அந்த ஆபீசர் ஒரு மாட்டு வண்டியில் கொண்டுபோய் இடித்துவிட்டான்.

மறுநாள் ஷெட்டுக்கு வந்தான். அவன் பேச்சை எங்களுக்குச் சொல்வதற்கென்று ஒரு யாழ்ப்பாணத்துக் கிளார்க் இருந்தார், பழைய கவர்மென்ட் உத்தியோகஸ்தர். அவர் வாய் வழியாக உத்தரவு வந்தது. பத்து நாளில் இந்தக் கார் மிதித்த இடத்தில் நிற்க வேண்டும். ஷெட்டுக்கு இனி ஒரு ஃபிட்டர் போதும். காரை நிற்க வைக்கிறவன் இங்கே இருப்பான், மற்றவன் சயாம் ரயிலில் ஏற வேண்டும். சயாமுக்குத் தண்டவாளம் போடப் போனவர்களில் ஒருத்தன்கூடத் திரும்பி வந்து அதுவரை நான் பார்த்ததில்லை. அக்காள் அப்போது இரண்டாவது பிள்ளையை வயிற்றில் வைத்திருந்தாள். அது எனக்கும் தெரியும்.

முதல் நாலு நாள் அவன் முறை. கம்பிவடத்தை இழுத்துக் கட்டினான், புது லைனிங் அடித்தான். கார் முன்பு போலவே தன் இஷ்டத்துக்கு நின்றது. எனக்குச் சிரிப்பு வந்தது. மறைக்காமல் சிரித்தேன்.

கிள்ளானில் இருந்தபோது, கம்பிவடத்துக்குப் பதில் குழாய் வழியே எண்ணெயைத் தள்ளிச் சக்கரத்தை நிறுத்துகிற எண்ணெய் பிரேக் பழகியிருந்தேன். வெள்ளைக்காரப் பட்டாளம் ஓடும்போது ஒரு பெரிய அமெரிக்கக் காரை கிள்ளானை அடுத்த மேருவுக்குப் போகும் ரோட்டோர வாய்க்காலில் தள்ளிவிட்டுப் போனதும் எனக்குத் தெரியும். கிள்ளானுக்குப் போன கரி லோரியில் தொற்றிக்கொண்டு போய்ப் பார்த்தேன். டயர், சீட், கண்ணாடி எல்லாவற்றையும் ஊர் எடுத்துக்கொண்டிருந்தது. பிரேக்கை யாரும் தொடவில்லை. அதை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வது? நாலு டிரம், சக்கர சிலிண்டர்கள், மாஸ்டர் சிலிண்டர் எல்லாம் கழற்றி இரண்டு சாக்கில் கட்டிக்கொண்டு வந்தேன். குழாய்கள் மட்டும் சேற்றில் கிடந்து துருப்பிடித்து உதிர்ந்துவிட்டன.

டிரம் துரை கார் அச்சில் உட்காரவில்லை. பழைய லோரிச் சட்டத்திலிருந்து இரும்புத் தட்டு வெட்டி, கையாலேயே துளை போட்டு நடுவில் வைத்து இறுக்கினேன். பிரேக் எண்ணெய்க்குப் பதில் கிள்ளான் மரைக்காயர் கடையில் வாங்கிய விளக்கெண்ணெயில் சம்சு சாராயத்தைக் கலந்தேன். கைப்பிரேக்குக்கு மட்டும் அவனுடைய கம்பிவடத்தையே விட்டுவைத்தேன். குழாய்க்கு ஓர் உடைந்த லோரியின் பெட்ரோல் செம்புக் குழாய் கிடைத்தது. அதன் வாயை விரித்துக்கொண்டிருந்தபோது பின்னால் அவன் குரல் கேட்டது.

"காரே, செம்பப் பழுக்கச் சுட்டு, தண்ணியில போட்டு எடுத்துட்டுதான் வாய விரிக்கணும். பச்சையா விரிச்சா வெடிச்சிரும். தெரியாதவன் கையில வந்து மாட்டிக்கிட்டியே."

அவன் சொன்னது சரி. எனக்கே தெரிந்த பாடம்தான், அவசரத்தில் மறந்துவிட்டேன். அவன் வாயை மூடிக்கொண்டிருந்தால் எனக்கே நினைவு வந்து சுட்டிருப்பேனோ என்னவோ. அவன் சொன்ன பிறகு எப்படிச் சுடுவது? அப்படியே விரித்து, அப்படியே மாட்டினேன்.

எண்ணெய் பிரேக் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவன் மிதிக்க வேண்டும், மற்றவன் கீழே படுத்து முனையைத் திறந்து மூட வேண்டும். கிளார்க் அவனை உட்காரச் சொன்னார். நான் ஸ்பேனரால் சேஸியில் ஒரு தட்டுத் தட்டினால் அவன் மிதிப்பான். இரண்டு தட்டினால் விடுவான். பேச்சே இல்லாமல் நாலு சக்கரமும் முடித்தோம். பெடல் கல்லு மாதிரி நின்றது. அவ்வளவு நல்ல வேலை நான் அதற்கு முன் செய்ததில்லை.

பத்தாம் நாள் காலை நான் பின்புறக் குழாயடியில் கை கழுவிவிட்டு வருவதற்குள் ஆபீசர் அவன் தோளைத் தட்டிக்கொண்டிருந்தான். எண்ணெய் பிரேக் மொத்தமும் தன் வேலை என்று அவன் சொல்லி முடித்திருந்தான். என்னைத் திரும்பிப் பார்க்காமல் ஆபீசர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான். இரண்டு நாளில் ரயில், துணிமணியை எடுத்து வையும் என்று கிளார்க் என்னிடம் சொன்னார். அவர் பக்கம் பார்க்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. அந்தக் கார் போன திசையைப் பார்த்து, இன்றைக்கும் எழுதக் கூசுகிற வார்த்தைகளால் திட்டினேன்.

மத்தியானத்துக்கு முன்பே அதைக் கயிறு கட்டி லோரியில் இழுத்து வந்தார்கள். கிள்ளான் ரோட்டு இறக்கத்தில் மூன்று தடவை மிதித்த இடத்தில் நின்றதாம். நாலாவது தடவை பெடல் தரையில் போய் ஒட்டிக்கொண்டது. பக்கத்து சீட்டிலிருந்த அக்காள் புருஷன் கைப்பிரேக்கை இழுத்து வாய்க்காலில் இறக்கியதால் உயிர் பிழைத்தார்கள். ஆபீசர் நெற்றியில் ரத்தம். அவனை இரண்டு சிப்பாய்கள் பிடித்திருந்தார்கள். முன்சக்கரத்துக்குப் போகிற செம்புக் குழாயின் வாய் வெடித்திருந்தது, நின்ற இடத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது.

கிளார்க் என் பக்கம் திரும்பினார். "இந்த வேலையில உமக்கும் பங்கு இருக்கோ?"

"இல்லைங்க சார். எல்லாம் அவரு செஞ்சது."

என் வேலையைத் திருடினான். திருடியதை அவனே வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டேன்.

அவன் மறுக்கவில்லை. காலையில் சொன்னது பொய் என்று இப்போது சொன்னால் தலையே போயிருக்கும். சிப்பாய்களுக்கு நடுவில் நின்று, இத்தனை வருடத்தில் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினான்.

"குழாயச் சுட்டியா?"

நான் காரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எனக்குச் சொன்ன ரயிலில் அவனை ஏற்றினார்கள். அவன் சயாமில் காலராவில் செத்தான் என்று திரும்பி வந்த ஒருவன் சொன்னான். ஜப்பான்காரன் போன பிறகு, அவன் பார்க்காத அந்த இரண்டாவது பிள்ளைக்கு அதே கோயிலில் காது குத்தினோம். இந்தத் தடவை என் மடியை மறுக்க ஆளில்லை. பிள்ளை தலையை ஆட்டாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அக்காள் பக்கத்தில் உட்கார்ந்து, ஆசாரி ஊசியைத் துடைப்பதைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அவரு செஞ்ச பிரேக்கு உடைஞ்சிருச்சுன்னு சொன்னாங்களே, எனக்கு இன்னும் நம்ப முடியலடா தம்பி. அவரு கை வேல அப்படி விடாது."

விடாதுதான். அவனை எனக்கு அன்றைக்கும் பிடிக்கவில்லை. பிள்ளை வீறிட்டு அழுதது. இன்னொரு காது பாக்கி இருக்கிறது, நன்றாகப் பிடியுங்கள் என்றார் ஆசாரி.