சுவரெல்லாம் என் கதாநாயகன்

"அண்ணே, நான் செத்துட்டேனாமே" என்று போனில் கேட்டவர் என் படத்தின் கதாநாயகன்.

நாகமலை புதுக்கோட்டையில் ஒரு விளம்பரப் பட அலுவலகத்தின் சோபாவில் உட்கார்ந்திருந்தேன். சட்டைப் பையில் பென் டிரைவ், காலடியில் கேமரா பை. அதற்குள் நான் கூலிக்கு எடுத்த காதுகுத்துகள், சடங்கு வீடுகள், ஒரு கல்லூரி ஆண்டு விழா. தலை நரைத்தபின் கேமரா வேலைக்கு நேர்முகம். கிடைத்தால் மாதச் சம்பளம், ஞாயிறுகளில் என் சொந்தப் படம். ஏற்கெனவே பாதி எடுத்தாயிற்று.

"என்ன தம்பி சொல்ற?"

"அவனியாபுரம் பூரா ஒட்டிருக்காய்ங்கண்ணே. பெரியார் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் இருக்குதாம். வாசல்ல சாமியானா போட்டாச்சு. எம் பொண்டாட்டி பேச மாட்டேங்கிறா. வாங்கண்ணே."

"சார், உள்ள கூப்பிடுறாங்க" என்றாள் வரவேற்பறைப் பெண். எழுந்தேன். கால் உள்ளே போகவில்லை, வாசலுக்குப் போயிற்று.

அவர் அவனியாபுரத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். நடித்ததே இல்லை, அதனால்தான் பிடித்தேன். படத்தில் எல்லோருக்கும் சொந்தப் பெயர்தான். கடைசிக் காட்சியில் அவர் இறந்துபோகிறார். அதை ஒரு சுவரும் ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் மட்டுமே சொல்லும். இந்த ஊரில் யார் இறந்தாலும் சுவர்தானே முதலில் சொல்கிறது? போட்டோவை அவரே எடுத்துக் கொடுத்தார், கறுப்புக் கண்ணாடியோடு. "செத்தாலும் கெத்தா இருக்கணும்ணே."

எனக்கு வேண்டியது இரண்டே போஸ்டர். கட்டுக் கட்டாகத்தான் அடிப்போம் என்றார்கள் அச்சகத்தில். இரண்டை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை அப்புறம் வாங்கிக்கொள்கிறேன் என்று வைத்துவிட்டு வந்தேன். படத்துக்கு என்று நான் சொன்னது கம்ப்யூட்டரில் வடிவமைத்த பெண்ணிடம். விடியுமுன் பசை வாளியோடு வருகிறவர்களிடம் யார் சொல்வது? சாவு போஸ்டர் அச்சகத்தில் கிடந்ததாக இந்த ஊரில் கேள்விப்பட்டதுண்டா?

பஸ்ஸில் இருந்தபடி அச்சக முதலாளிக்குப் போன் போட்டேன். "கேத வீட்டுக்காரங்க எங்கிட்டு சார் வந்து கேப்பாங்க. அழுவாங்களா, போஸ்டர் ஒட்டுவாங்களா? நாங்களே பாத்து ஒட்டிட்டோம்" என்றார். குரலில் அம்புட்டுக் கனிவு.

ஜன்னலுக்கு வெளியே போஸ்டர் போஸ்டராக என் கதாநாயகன் வந்துகொண்டே இருந்தார். மதில், மின்கம்பம், பாலத்தின் தூண், மூடிய கடையின் ஷட்டர். ஓர் இடத்தில் மாடு ஒன்று அவருடைய ஓரத்தை நக்கிக்கொண்டிருந்தது. மைதாப் பசை அதற்குப் பிடிக்கும்.

தெருவுக்குள் நுழைந்தபோது கொட்டுச் சத்தம் நின்றிருந்தது. சாமியானாவுக்குக் கீழே, பிளாஸ்டிக் நாற்காலியில், செத்தவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஆட்டோ ஸ்டாண்டுத் தோழர்கள் சுற்றி நின்றார்கள்.

"மாப்ள, இம்புட்டுச் சேர் இறக்கிருக்கோம். ஒரு மரியாதைக்காச்சும் படுடா."

"இவன் படுத்தாலும் போன் பேசிக்கிட்டே படுப்பான்."

சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன். வாசல் நிலையைப் பிடித்தபடி அவர் மனைவி என்னைப் பார்த்தாள். அப்பார்வையில் சிரிப்பு அவிந்தது.

அப்போதுதான் டி. கல்லுப்பட்டியிலிருந்து வேன் வந்தது.

அவருடைய அக்கா. அப்பா விட்டுப்போன வீட்டுமனையில் தகராறாகிப் பல வருஷங்களாக இருவருக்கும் பேச்சில்லை. யாரோ போஸ்டரைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்கள். அந்த அம்மாள் தெருமுனையிலேயே இறங்கி, கூந்தலை அவிழ்த்து, மாலையை நெஞ்சோடு அணைத்து, தரையைப் பார்த்தபடி பாடிக்கொண்டே வந்தார். பின்னால் நாலைந்து பெண்கள்.

"பத்திரிகை கொண்டு வந்து
பாவி நீ தட்டயில
கதவுக்குப் பின்னாலதான்
கல்லாட்டம் நின்னேனய்யா
காலடி திரும்பிப் போன
சத்தமும் கேட்டேனய்யா"

டீ கிளாஸ் தம்பியின் கையில் சாய்ந்தது. மகளின் சடங்குக்கு அழைக்கப் போனதையும், அக்கா வீட்டில் ஆளில்லை என்று திரும்பி வந்ததையும் ஆட்டோவில் போகும்போது எனக்குச் சொல்லியிருக்கிறார். இத்தனை காலமும் ஆளில்லை என்றுதான் நம்பியிருந்தார்.

உயிரோடு இருக்கிறவன் தனக்கான ஒப்பாரியைக் கேட்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். என் படத்திலும் ஓர் ஒப்பாரி உண்டு. நானே எழுதியது. அது எத்தனை பொய் என்று அந்தத் தெருவில் நின்றபோது தெரிந்தது. கேமரா பைக்குள் இருந்தது. ஜிப்பில் கை வைக்கவும் பயமாக இருந்தது.

அக்கா நிமிர்ந்தார். தம்பியைப் பார்த்தார். அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா" என்றார் இவர்.

அந்த அம்மாள் எழுந்து வந்து மாலையாலேயே இவரை அடித்தார். ரோஜா இதழ்கள் சேர்களில் தெறித்தன. "உள்ளதான் இருந்தேன்டா, உள்ளதான் இருந்தேன்" என்று சொல்லிச் சொல்லி அடித்தார். இவர் தடுக்கவில்லை.

அடி ஓய்ந்தபின், ஆட்டோக்காரர்கள் விஷயத்தைச் சொல்லி என்னைக் கைகாட்ட, அக்கா என்னிடம் வந்தார்.

"படமெடுக்கிறவரு நீதானா?"

"ஆமாம்மா."

"இழவுக்குக் கொண்டாந்த மாலையத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாது. உசுரோட இருக்கவனுக்கும் போடக் கூடாது. என்னய்யா பண்றது?"

பதிலும் அவருக்கே தெரிந்திருந்தது. எதிர்ச்சுவர் போஸ்டரைக் கிழிக்கச் சொன்னார். கிழிந்த முகத்தின் மேல் மாலையைச் சுற்றினார்கள். கண்மாயில் விட்டார்கள். வந்த பெண்கள் எல்லோரும், அவர் மனைவியும், தெருக்குழாயில் தலையோடு ஊற்றிக்கொண்டார்கள். எனக்கும் ஒரு குடம் ஊற்றினார்கள். சட்டைப் பையில் பென் டிரைவ் நனைந்தது.

ஈரத் தலையோடு அக்கா தீர்ப்புச் சொன்னார். "படத்துல இவன் சாகக் கூடாது. சாகுறதா இருந்தா இவன் வர மாட்டான்."

"அம்மா, கதையே அவர் சாகுறதுதான்."

"அப்ப வேற ஆளச் சாகடி."

நான் தம்பியைப் பார்த்தேன். அவர் அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விளம்பர அலுவலகத்திலிருந்து மெசேஜ் வந்திருந்தது. வேறு ஆளை எடுத்துவிட்டார்களாம்.

சாயங்காலம் என் கதாநாயகனே ஆட்டோவில் என்னை வீட்டுக்குக் கூட்டிவந்தார். வில்லாபுரம் தாண்டும்போது மதிலில் இன்னொரு போஸ்டர். நிறுத்தினார். இருவரும் இறங்கி நகத்தால் சுரண்டினோம். நல்ல பசை. பெயர் போயிற்று, பிறந்த ஊர் போயிற்று, கறுப்புக் கண்ணாடி மட்டும் வர மறுத்தது. சுவரில் ஒரு முகமில்லாத கண்ணாடி எங்களைப் பார்த்தது. பல மாதங்கள் நான் மனத்துக்குள் ஓட்டி ஓட்டிப் பார்த்த கடைசிக் காட்சி, ஈரக் காகிதமாக என் விரலிடுக்கில் ஒட்டியிருந்தது.

"ஞாயித்துக்கிழமை வருவியா தம்பி?" என்றேன்.

அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து சுவரில் ஊற்றினார். ஊறட்டும் என்று காத்திருந்தார். ஓரம் லேசாகக் கிளம்பியது. பிடித்து இழுத்தார்.

"வாரேண்ணே" என்றார். "சாக மாட்டேன்."

சரி என்றேன்.