பதிமூன்று மாடி பாக்கி

ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவே, லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் குந்தியபடி அவர் திட்டிக்கொண்டிருக்கிறார். திட்டு வாங்குவது ஓர் இரும்புச் சக்கரம். "எண்ணெய் போட்டு மூணு வாரம் ஆகல. அதுக்குள்ள என்ன கீச்சுக் குரல் உனக்கு?" கீழே காய்கறிப் பையோடு காத்திருக்கும் இருவருக்கும் இது பழகிய சங்கதி. மேலே திட்டு கேட்டால் பழுது அகப்பட்டுவிட்டது என்று அர்த்தம். சத்தமே இல்லையென்றால்தான் பேசாமல் படியேறத் தொடங்க வேண்டும்.

லிஃப்ட் அக்கா என்றுதான் அந்தப் பகுதியில் எல்லோரும் கூப்பிடுகிறார்கள், அவரைவிட மூத்தவர்களும்கூட. வயது நாற்பத்தேழு. குள்ளமான உருவம், அகன்ற தோள், ஒட்ட வெட்டிய நகங்கள். இருபத்து மூன்று வருடங்களாக இதே வேலை. பழுது பார்த்து முடித்ததும் ஒவ்வொரு மாடியாகப் பெட்டியை நிறுத்தி, கதவைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு, வெறுங்காலால் பெட்டியின் தரையும் மாடியின் தரையும் சேரும் இடத்தைத் தடவிப் பார்ப்பார். பெருவிரலில் ஏதாவது தட்டுப்பட்டால் மறுபடியும் கூரைமேல் ஏறுவார். கூட வேலை செய்கிறவர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். "சிரிங்கடா. ரெண்டு விரல் மேடு இருந்தா கண்ணுக்குத் தெரியும், கால தூக்கி வெப்பாங்க. அரை விரல் இருக்கு பாரு, அதுலதான் வயசானவங்க விழறாங்க."

வருடத்தில் பதினோரு மாதம் இப்படி. மீதி ஒரு மாதம் பனிமலை. அதுவும் தனியாக.

அவர் வீட்டுச் சமையலறையில் கரண்டிகள் மாட்டும் வரிசையில் ஐஸ் கோடரி ஒன்றும் தொங்குகிறது. காலணிக்கு அடியில் மாட்டும் இரும்புப் பற்களை அவரே அரத்தால் ராவுகிறார். மெஷினில் கொடுத்தால் சூட்டில் இரும்பு இளகிவிடும் என்பார். பல் துலக்கும் பிரஷின் கைப்பிடியைப் பாதியாக அறுத்து வைத்திருக்கிறார், எடை குறையட்டும் என்று. ஏன் தனியாகப் போகிறீர்கள் என்று கேட்பவர்களுக்கு, "கூட ஆள் வந்தா பேசிக்கிட்டே வரணும், எனக்கு மூச்சு பத்தாது" என்று சொல்லி வாயை அடைத்துவிடுவார். விடாமல் கேட்டால் வேறொன்று சொல்வார். "கயித்துல இன்னொருத்தர் இருந்தா, திரும்பணும்னு ரெண்டு பேருக்கும் தோணும். யாரு மொதல்ல சொல்றதுன்னு ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துட்டே நிப்பாங்க. அதுக்குள்ள வெயில் வந்துடும்."

போன மாதம் அவர் திரும்பினார். யாருடைய முகத்தையும் பார்க்காமல்.

அவர் ஏறப்போன மலைக்கு மூன்று வழிகள் உண்டு. அவர் தேர்ந்தெடுத்தது வடக்குப் பனிச்சரிவு. எழுநூறு மீட்டர் உயரம், ஏணியை அதிகம் சாய்க்காமல் வைத்தது போன்ற செங்குத்து. இதுவரை அவர் ஊரிலிருந்து யாரும் அதில் தனியாக ஏறியதில்லை. மலையடியில் இருக்கும் தங்குகுடிலிலிருந்து இருட்டோடு கிளம்பி, பனியில் கோடரியைக் குத்தி, காலை உதைத்து, மறுபடி குத்தி, விடியும்போது சரிவின் பாதிக்கு மேல் வந்திருந்தார். சரிவு முடிந்து உச்சிக்குப் போகும் முகட்டில் கால் வைத்தபோது, உச்சியில் நட்டிருந்த கம்பின் துருகூடக் கண்ணுக்குத் தெரிந்தது. கையில் கட்டியிருந்த உயரமானி நாற்பது மீட்டர் பாக்கி என்றது. கோடரியின் காம்பை முன்னால் குத்திப் பார்த்தார். அது தடையில்லாமல் உள்ளே போனது. உருவியதும் அந்த ஓட்டை வழியாக, நேர் கீழே, பள்ளத்தாக்கில் ஓடும் ரோடு தெரிந்தது. அவர் நிற்க இருந்த இடம் மலையே இல்லை. காற்று துருத்திவிட்ட வெறும் பனி விளிம்பு. மணி எட்டு ஐந்து. சரிவின் மேல்பாகத்தில் வெயில் விழத் தொடங்கியிருந்தது. ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுச் சரிவைப் பார்த்துத் திரும்பி, நான்கு மணி நேரம் பின்னோக்கி இறங்கினார். பனியில் ஒட்டியிருந்த கற்கள் இளகி, காதோரம் வண்டு போல இரைந்துகொண்டு போயின. ஒன்று முதுகுப்பையைக் கிழித்தது.

குடிலின் பதிவேட்டில் அவரே எழுதினார்: 'உச்சிக்கு நாற்பது மீட்டர் கீழே, 8.05. திரும்பினேன்.' இதில் புரியாமல் போக எதுவுமில்லை.

ஒரு வாரம் கழித்து மலையேறுவோர் சங்கத்தின் சுவர்ப்பலகையில், நீலத்தின் மேல் வெள்ளைப் பெயின்டில், புதிய வரி ஒன்று ஏறியிருந்தது. அவர் பெயர், வடக்குச் சரிவு, தனியாக, உச்சி 8.05.

மருந்துக்கடை வைத்திருக்கும் சங்கச் செயலாளர் அதைத் தவறுதலாக எழுதவில்லை. தெரிந்தே, பெருந்தன்மையாக எழுதினார். பொய் சொல்கிறவனுக்காவது தான் சொல்வது பொய் என்று தெரியும். பெருந்தன்மை செய்கிறவருக்கு அதுவும் தெரிவதில்லை. அதனால் அவரோடு சண்டை போடுவது கடினம்.

லிஃப்ட் அக்காவின் தம்பி அதே வீட்டின் கீழ்த்தளத்தில் முடிதிருத்தும் கடை நடத்துகிறார். நாற்காலியில் உட்காரும் ஒவ்வொருவருக்கும் செய்தி சொல்லியாகிவிட்டது. தலையைக் குனிந்துகொண்டிருப்பவர் எங்கே எழுந்து போக முடியும். அக்கா தன் பெயரை அழிக்கச் சொல்லப் போகிறார் என்று தெரிந்ததும் அவருக்கு வியர்த்துவிட்டது.

"அக்கா, ஊர் பூரா சொல்லிட்டேன். இப்ப போய் இல்லன்னா எம் மூஞ்சிய எங்க வெச்சுக்கறது? பாதித் தலைய சிரைச்சுட்டு எழுந்திரின்னு சொல்ற மாதிரி இருக்கு."

"பாதித் தலைதான்டா. அதத்தான் நானும் சொல்றேன்."

"நாப்பது மீட்டர் ஒரு விஷயமா?"

"பதிமூணு மாடி. லிஃப்ட் நின்னுபோன அன்னிக்கு எந்த பில்டிங்லயாவது பதிமூணு மாடி ஏறியிருக்கியா நீ? மூணாவது மாடிக்கே எனக்குப் போன் பண்ணுவ."

லிஃப்ட் அக்காவோடு பழகுவது சுலபமில்லை. சரி என்று விட்டுக்கொடுக்கவேண்டிய இடத்திலும் குடைவார். தம்பி மனைவி வைத்த குழம்பில் உப்பு போதாது என்பதை, விருந்தாளி எதிரிலேயே, எவ்வளவு போதாது என்றும் சேர்த்துச் சொன்னவர். ஆகவே இந்தக் கோபத்தையும் வீட்டில் அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிட்டார்கள். செயலாளரிடம் இரண்டு முறை போய்ச் சொன்னார். இரண்டு முறையும் தேநீர் கொடுத்து அனுப்பிவைத்தார்கள்.

மூன்றாம் முறை போனது வியாழக்கிழமை மாலை, வேலை உடுப்போடு, கையில் கிரீஸ் கறையோடு.

"வாங்கம்மா," என்றார் செயலாளர். "மறுபடியும் அதேதானா? நாங்களா மனசார குடுக்கறோம். வாங்கிக்க வேண்டியதுதான?"

"குடுக்க நீங்க யாரு? மலை உங்க அப்பா வீட்டு சொத்தா?"

"ஒரு பொம்பள, தனியா, அந்தச் சரிவுல. கிட்டத்தட்ட ஏறின மாதிரிதான். இவ்வளவு அடக்கம் ஆகாதும்மா."

"அடக்கமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அளவு. உங்க கடைல ரத்தக் கொதிப்புக்கு மாத்திர கேட்டா, கிட்டத்தட்ட அதே மாதிரி ஒண்ண எடுத்துக் குடுப்பீங்களா?"

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அறையின் மூலையில் பலகையை அண்ணாந்து பார்த்தபடி ஒரு பஸ் டிரைவர் நின்றிருந்தார். பணி முடிந்து நேராக வந்தவர், காக்கிச் சட்டையைக்கூட மாற்றவில்லை. கையில் ஒரு துண்டுக் காகிதம். அந்தச் சங்கத்தில் அது வழக்கம். ஒரு வழியில் ஏறப்போகிறவர், அதில் முன்பு ஏறியவரின் நேரத்தைப் பலகையிலிருந்து எழுதிக்கொண்டு போவார்.

"அக்கா, நல்ல வேள வந்தீங்க," என்றார் டிரைவர். "சனிக்கிழம நான் போறேன். வடக்குச் சரிவு, ஒத்தையா. உங்க டைம்தான் எனக்கு டைம்டேபிள். நீங்க எட்டு அஞ்சுக்கு உச்சி. நான் கொஞ்சம் நிதானம், எட்டரைன்னு போட்டிருக்கேன்."

லிஃப்ட் அக்காவின் குரல் தணிந்தது. அவர் குரல் தணிந்தால் லிஃப்ட் கம்பெனியில் ஆட்கள் தள்ளி நிற்பார்கள்.

"நான் உச்சிக்குப் போகல. கீழயே திரும்பிட்டேன். போயிருந்தா அந்த நாப்பது மீட்டருக்கு மட்டும் ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். ஒவ்வொரு அடியும் குத்திப் பாத்துதான் கால் வெக்கணும், அடில ஒண்ணும் இல்ல. நீங்க எட்டரைன்னு நெனச்சு ஏறுவீங்க. ஒம்பதரைக்கு மேல ஆகும். அதுக்கப்புறம் எறங்கணும். அப்ப சரிவு முழுக்க வெயில், கல்லு உங்கள கேட்டுட்டு வராது."

"ஆனா போர்டுல..."

"போர்டு பொய் சொல்லுது."

டிரைவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "சரிம்மா. செஞ்சிடலாம். அதுக்கு ஒரு முறை இருக்கு. பலகைல ஏறின பேர எடுக்கணும்னா கூட்டத்துல வெச்சு, தீர்மானம் போட்டுத்தான்..."

"கூட்டம் எப்ப?"

"மாசக் கடைசி."

"இவரு போறது நாளன்னிக்கு."

இதெல்லாம் ஒருவர் மேல் உள்ள மரியாதையால் செய்தது என்று செயலாளர் தொடங்கினார். முடிக்க முடியவில்லை. லிஃப்ட் அக்கா சுவரோரம் கிடந்த பெஞ்சைப் பலகைக்கு அடியில் இழுத்துப் போட்டு, செருப்போடு ஏறி நின்றார். கட்டைவிரல் நகத்தால் பெயின்டைக் கீறிப் பார்த்தார். நல்ல பெயின்ட். ஒட்ட வெட்டிய நகம்தான் வழுக்கியது. பின்னால் செயலாளர் விதிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

டிரைவர் கையிலிருந்த காகிதத்தை ஒரு தரம் பார்த்தார். இடுப்புப் பட்டையில் தொங்கிய பஸ் சாவியைக் கழற்றி மேலே நீட்டினார். லிஃப்ட் அக்கா திரும்பிப் பார்க்காமல் கையைப் பின்னால் நீட்டி அதை வாங்கிக்கொண்டார். தன் பெயரைத் தொடாமல் தாண்டி, வரியின் கடைசிக்குப் போய், முதலில் எட்டைச் சுரண்டத் தொடங்கினார்.