கையுறையில் எண்ணெய்

அவன் கால்பந்து அணியின் கோல்கீப்பர். பந்து அவன் கைக்கு வந்தால் அப்புறம் நகராது. அதனால் ரசிகர்கள் அவனுக்குப் 'பசை' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பசை சும்மா வந்ததல்ல. ஆட்டம் முடிந்ததும் கையுறைகளை வெதுவெதுப்பான தண்ணீரில் கசக்காமல் அலசி, நிழலில் காயவிட வேண்டும். வெயிலில் போட்டால் உள்ளங்கை ரப்பர் வெடித்துவிடும். கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற கவனத்தோடு அதை அவனுடைய அக்கா செய்துகொடுத்தாள். ஆட்டத்துக்கு முன் உள்ளங்கையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் போதும். வேறெதுவும் கூடாது.

அவனுக்கென்று ஒரு கும்பிடு உண்டு. அதை வீட்டிலேயே முடித்துக்கொண்டு வருவான்.

கோச் அப்படியில்லை. தொடர்ந்து நாலு தோல்விக்குப் பிறகு யாரோ அவரை ஒரு பிரார்த்தனைக் கூட்டத்துக்கு அழைத்துப் போனார்கள். அடுத்த ஆட்டத்தில் எதிரணிக்காரன் ஒருவன் பந்தைத் தன் கோலுக்குள்ளேயே அடித்துத் தொலைத்தான். அன்றோடு கோச் ஆள் மாறிப்போனார். அவரோடு நின்றிருந்தால் பரவாயில்லை, அணியையே மாற்றக் கிளம்பிவிட்டார். அவரோடு சேர்ந்துவிட்ட பிசியோதெரபிஸ்ட், சுளுக்கிய தொடையைப் பிடித்து வைத்துக்கொண்டு, "இப்பவாவது நம்புறியா?" என்று கேட்பார். அந்த வலியில் யார்தான் இல்லை என்பார்கள்? அலமாரியில் வைத்த ஷூவுக்குள் தினமும் ஒரு பிரசுரம் இருக்கும். பசை அதை மட்டும் வேண்டாம் என்றதில்லை. ஈரமான ஷூவுக்குள் காகிதத்தைத் திணித்தால் சீக்கிரம் காயும்.

பிறகு வட்டம் வந்தது. ஆட்டத்துக்கு முன் எல்லோரும் கைகோத்து நின்று ஜெபிக்க வேண்டும்.

"பந்து வட்டம், பூமி வட்டம். நாமளும் வட்டமா நின்னாத்தான் ஜெயிப்போம்" என்றார் கோச்.

"கோல் போஸ்ட் மட்டும் சதுரமா இருக்கே சார்" என்றான் பசை.

யாரோ சிரித்தார்கள். கோச் சிரிக்கவில்லை. "வட்டத்துல நிக்காதவன் கோல்லயும் நிக்க வேணாம்."

அரையிறுதிக்கு முந்தின வாரம் அது. அவன் இடம் நெட்டைக்குப் போனது. நெட்டை இரண்டாவது கோல்கீப்பர், நல்ல பையன். ஒரு வருஷமாகப் பெஞ்சைத் தேய்த்தவன், வட்டத்தில் முதல் ஆளாக நின்றுவிட்டான்.

"கையைக் கோத்துட்டு மனசுக்குள்ள உன் சாமியைக் கும்பிட்டுப் போயேன்டா" என்றாள் அக்கா.

"என் சாமியையும் சேர்த்து ஏமாத்தச் சொல்றியாக்கா?"

அவள் கையுறையை மட்டும் வழக்கம்போல் அலசிக் கொடுத்தாள்.

அரையிறுதியன்று கோச் ஒரு குப்பியோடு வந்தார். மந்திரித்த எண்ணெய். வட்டத்தின் நடுவில் நெட்டையை நிறுத்தி, இரண்டு கையுறைகளிலும் தாராளமாக ஊற்றினார்.

பசைக்குப் பொறுக்கவில்லை. "சார், தலையில ஊத்துங்க, நெத்தியில தடவுங்க, கையுறையில மட்டும் வேணாம் சார்!"

"உனக்கு நம்பிக்கை இல்லேன்னா வாயை மூடு. அவன் நம்பிக்கையைக் கெடுக்காதே."

நெட்டை பசையைப் பார்த்தான். அவனும் கோல்கீப்பர்தான், அவனுக்கா தெரியாது? ஆனால் வந்த இடத்தை எண்ணெய்க்காக விடுவானா?

முதல் பந்து உருண்டுதான் வந்தது. பால்குடிக் குழந்தையும் பிடிக்கும். விலாங்கு மீன்போல் நழுவிக் கோலுக்குள் போனது. இரண்டாவது, நெஞ்சோடு அணைத்த பந்து, கக்கத்தின் வழியாகக் கோலுக்குள் விழுந்தது. அரங்கமே "பசை! பசை!" என்று கத்தியது.

இடைவேளையில் கோச், "எவனோ சூனியம் வச்சிருக்கான்" என்றார்.

நெட்டை பசையின் காதருகே குனிந்தான். "அண்ணே, எண்ணெய்ண்ணே. துடைச்சும் போகல. எனக்கு முழங்கால் போச்சுன்னு சொல்றேன், நீங்க இறங்குங்க."

சொன்னபடியே நொண்டினான். எந்தக் காலில் நொண்டுவது என்பதில் மட்டும் இரண்டு முறை குழம்பினான். கோச்சுக்கு வேறு வழியில்லை. பசை அக்கா அலசிய கையுறையை மாட்டிக்கொண்டு, தண்ணீர் தெளித்து இறங்கினான். முன்வரிசை ஆட்டக்காரர்கள் மூன்று கோல் போட்டார்கள். கடைசி நிமிடப் பெனால்டி அவன் கையில் வந்து ஒட்டிக்கொண்டது.

கோச் தொலைக்காட்சியில் கண் கலங்கினார். "நெட்டையோட முழங்காலைத் தொட்டு, பசையை இறக்கினது மேல இருக்கிறவர்தான்."

மேலே இருப்பவரே தேர்வு செய்த ஆளை இறுதியாட்டத்தில் உட்கார வைக்க முடியுமா? அறிவிப்புப் பலகையில் முதல் பெயர் பசை. வட்டத்துக்கு வா என்று யாரும் கூப்பிடவில்லை.

ஆனால் அன்று அவன் ஷூவுக்குள் புதுப் பிரசுரம் ஒன்று இருந்தது. அட்டையில் பெனால்டி பிடித்த அவனுடைய படமே! தண்ணீரில் பளபளக்கும் கையுறை. மேலே கொட்டை எழுத்தில்: 'எண்ணெயின் அற்புதம்.'

கோச் கதவோரம் நின்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பசை அட்டையை நிதானமாகப் பார்த்தான், நாலாக மடித்தான், ஷூவுக்குள் திணித்தான்.

"இன்னொண்ணு இருக்கா சார்? அடுத்த ஷூவும் ஈரமா இருக்கு."