பெருநாள் கழியட்டும்

கேன்சர் என்ற சொல் அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கணவர் நசீருதீனுக்குத் தெரியும். பிரிக்பீல்ட்ஸில் சாப்பாட்டுக்கடை நடத்தும் தம்பி ஷபீருக்குத் தெரியும். காஜாங்கில் இருக்கும் நாத்தனாருக்கும் அவள் பிள்ளைகளுக்கும்கூடத் தெரியும். யாருடைய வயிற்றில் அது உட்கார்ந்திருந்ததோ அந்த மைமூனுக்கு மட்டும் தெரியாது. இந்த மனிதர்களை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது?

மைமூன் கிள்ளான் லிட்டில் இந்தியாவில் துணிக்கடை வைத்திருப்பவள். இரண்டு சிறுநீரகங்களும் சுருங்கிப்போய் எட்டு வருடமாக டயாலிசிஸ். செவ்வாய், வியாழன், சனி, ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். விரலால் தடவிப் பார்த்தே துணி கலப்பா அசலா என்று சொல்லிவிடுவாள். டயாலிசிஸ் நிலையத்துத் தாதிக்கே, "மிஸ்ஸி, போன தடவை குத்துன இடத்துக்குக் கொஞ்சம் கீழ குத்துங்க" என்று வழி சொல்லுவாள். அப்பேர்ப்பட்டவளிடம்தான் மறைக்கப் போனார்கள்.

ஷபீர் தன் சிறுநீரகம் ஒன்றை அக்காவுக்குத் தருவதாகச் சொல்லியிருந்தான். இரத்தம் பொருந்தியது. அவன் உடம்பும் தேறியது. கடைசியாக மைமூனை முழுக்கச் சோதித்தார்கள். முடிவைக் கேட்க வரச்சொன்ன நாள் நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை. செவ்வாய் டயாலிசிஸ் நாளாயிற்றே! "நீ போய்ப் படு, நாங்க கேட்டுட்டு வரோம்" என்று ஆண்கள் இரண்டு பேரும் அவளுடைய ஆஸ்பத்திரி அட்டையை எடுத்துக்கொண்டு கோலாலம்பூருக்குப் போனார்கள். அட்டையில் இருந்த தொலைபேசி எண்ணும் நசீருதீனுடையதுதான். கடையில் இருக்கும்போது போன் எடுக்க நேரமில்லை என்று அவளே கொடுக்கச் சொன்னது.

திரும்பி வரும்போது நெடுஞ்சாலையில் ஒன்றரை மணி நேரம் நெரிசல். அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் இந்த அருமையான யோசனை பிறந்தது. நசீருதீனின் உம்மா அந்தச் சொல்லைக் காதில் வாங்கிய பத்தாம் நாள் மௌத்தானார். அவருக்கு நோய் முற்றிப்போயிருந்தது, சொல் ஒரு பாவமும் செய்யவில்லை. ஆனால் நசீருதீன் அப்படி நினைக்கவில்லை. கேன்சர் என்று எழுதியிருந்த டாக்டரின் கடிதம் காரின் உபரி டயருக்கு அடியில் போயிற்று.

"இடது கிட்னில சும்மா நீர்க்கட்டிதான்" என்றார் வீட்டுக்கு வந்து. "அந்தக் கிட்னிய எடுத்துட்டு, அப்புறமா தம்பியோடத வச்சிடலாமாம். அடுத்த மாசமே வரச் சொல்றாங்க."

"நீர்க்கட்டிக்கு என்னங்க அவசரம்? பெருநாள் கழியட்டும்."

"நாலு மாசம் இருக்கே லா!"

"அந்த நாலு மாசமும் கடைய யார் பாக்குறது, நீங்களா? பாஜு குரோங் தைக்கிற துணிக்கும் ஜன்னல் துணிக்கும் வித்தியாசம் தெரியுமா உங்களுக்கு?"

உண்மையைச் சொல்லியிருந்தால் மறுநாளே கிளம்பியிருப்பாள். பொய் சொன்ன வாயால் அவசரப்படுத்த முடியவில்லை. நசீருதீன் கெஞ்சினார். ஒருநாள் பகல் சோற்றைத் தொடாமல் இருந்துகூடப் பார்த்தார். அவளுக்கு அது புருஷன் நச்சரிப்பாகத்தான் பட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து நாலு முறை கூப்பிட்டார்கள். நாலு முறையும் கடைக்கு வெளியே போய், குரலைத் தாழ்த்தி, "நோன்பு முடிஞ்சதும் வரோம், டாக்டர்" என்றார்.

அந்த வருடம் வியாபாரம் அமோகம். வெளிர்பச்சைத் துணி வந்த அன்றே தீர்ந்தது. டயாலிசிஸ் முடிந்த கையோடு, கையில் கட்டுத்துணியோடு வந்து நின்று விற்றாள்.

ஏப்ரலில் டாக்டர் செரீனாவின் அறைக்குக் கணவரோடு அவளே போனாள். புதிய ஸ்கேனைப் பார்த்த டாக்டர் முகத்தில் எரிச்சல் அப்பட்டமாகத் தெரிந்தது.

"ஆன்டி, நவம்பர்லயே கேன்சர்னு சொல்லி லெட்டர் கொடுத்தனுப்புனேனே. ஏன் இவ்ளோ லேட்? அப்போ மூணு சென்டிமீட்டர்கூட இல்ல. இப்போ நாலரை."

மைமூன் பக்கத்திலிருந்த கணவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

"அப்பவே எடுத்திருந்தா?" என்று கேட்டாள்.

"சின்னதா இருந்தா எடுத்துட்டு, ரிப்போர்ட் நல்லா இருந்துச்சுன்னா நேரா கிட்னி மாத்துற ஆபரேஷனுக்குப் போயிருக்கலாம். வருஷக்கணக்கா டயாலிசிஸ் பண்றவங்களுக்குப் பழைய கிட்னில இப்படி வர்றது உண்டு, ஆன்டி. புதுசு வச்சா உடம்போட எதிர்ப்பு சக்திய மருந்தால அடக்கணும். உள்ள ஒரு துளி கேன்சர் மிச்சம் இருந்தாலும் அது கிடுகிடுன்னு வளந்துடும். அதனாலதான் பயப்படுறோம்."

மே மாதம் இடது சிறுநீரகத்தை எடுத்தார்கள். வலது எப்போதோ ஓய்ந்துபோயிருந்ததால், அதுவரை நாளுக்கு ஒரு கோப்பையாவது வந்துகொண்டிருந்த சிறுநீரும் அதோடு நின்றது. குடிக்கிற தண்ணீரை இன்னும் குறைத்தார்கள். ரிப்போர்ட் வந்தது: கட்டி வேகமாக வளர்கிற ரகம். பரவவில்லை, ஆனால் நம்ப முடியாது. இரண்டு வருடம் காத்திருந்து, மறுபடி வரவில்லை என்று உறுதியானால்தான் தம்பியின் சிறுநீரகம்.

இரண்டு வருடம்! மைமூன் வீட்டுக்கு வந்து ஆடித் தீர்த்தாள். காஜாங் நாத்தனாருக்கும் முன்பே தெரியும் என்பதை அதற்குள் கண்டுபிடித்திருந்தாள்.

"என் வயிறு, என் கட்டி! எனக்குச் சொல்ல உங்களுக்கு வாய் வரல. காஜாங்குக்குச் சொல்ல மட்டும் வந்துச்சா?"

"நீ பயந்துடுவேன்னு…"

"எட்டு வருஷமா வாரத்துக்கு மூணு நாள் என் ரத்தத்த வெளிய எடுத்துக் கழுவி உள்ள விடுறாங்க. நானா பயப்படுறவ? பயந்தது நீங்க!"

நசீருதீன் அழுதுவிட்டார். அழட்டும் என்று விட்டுவிட்டாள். மறுநாள் ஆஸ்பத்திரி அட்டையில் இருந்த எண்ணை அடித்துவிட்டுத் தன்னுடைய எண்ணை எழுதிக் கொடுத்தாள்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஷபீரின் கடைக்குப் போனாள். பணியாள் அவன் முன்னால் ஒரு கிளாஸை வைத்துவிட்டு, "தே ஓ கோசோங், போஸ்" என்றான். பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை, வெறும் கறுப்புத் தேநீர். டின்பாலை அரை கிளாஸுக்கு ஊற்றிக் குடிக்கிற ஷபீருக்கு!

மைமூன் கிளாஸைத் தன் பக்கம் இழுத்து மோந்து பார்த்தாள்.

"என்னடா இது?"

"டயட், லாத்தா" என்றான் அக்காவிடம்.

"டயட்டா? இல்ல, இன்னொரு நீர்க்கட்டியா?"

அவள் கையை நீட்டினாள். நீட்டிய கையை அவள் மடக்கவே இல்லை. கடைசியில் ஷபீர் கல்லா மேசை இழுப்பறையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தான். போன மாதச் சோதனை. சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றது. இன்னும் ஏறினால் அவனால் சிறுநீரகம் கொடுக்க முடியாது என்று இருந்தது.

"நவம்பர்ல?"

"நவம்பர்ல எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு."

நவம்பரில் கட்டி சின்னது, தம்பிக்குச் சர்க்கரை இல்லை. இரண்டும் சேர்ந்து அமைந்த காலத்தில் அவள் வெளிர்பச்சைத் துணியை அளந்து கிழித்துக்கொண்டிருந்தாள். கோபம்தான் முதலில் வந்தது. அதற்கு அடியில் பயம் இருந்தது, முதன்முறையாக, உண்மையான பயம். கடை நிறைய ஆட்கள் ரொட்டி சானாய் தின்றுகொண்டிருக்க, கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு காலை ஆறரை மணிக்கு ஷபீர் வீட்டு வாசலில் நின்றாள். கிள்ளானிலிருந்து முதல் கொமுட்டர் ரயிலில் வந்திருந்தாள். அதற்கடுத்த ஞாயிறும் வந்தாள். தையல் போட்ட இடத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பக்கத்துத் திடலை அவனோடு சுற்றினாள். அவளால் இரண்டு சுற்றுதான் முடியும். பிறகு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு அவனை விரட்டினாள். மற்ற நாட்களில் அவன் நடக்கிறானா என்று போனில் விசாரித்துச் சொல்கிற வேலை நசீருதீனுக்கு. இந்த முறை அவர் ஒன்றையும் மறைப்பதில்லை.

ஐந்தாவது சுற்றில் ஷபீர் மூச்சு வாங்கிக்கொண்டு பெஞ்சின் முன்னால் நின்றான்.

"லாத்தா, இன்னும் கோவமாத்தான் இருக்கியா?"

"ரெண்டு வருஷத்துக்குக் கோவமாத்தான் இருப்பேன்" என்றாள் மைமூன். "நீ நட."